பழத்தில் ஒட்டிய நஞ்சும் பொன் துகள் காட்டும் நிறமும்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை பயிரிடுவோரைக் கொண்ட சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்குச் சில மாதங்களுக்கு முன் நாம் சென்றிருந்தோம். அன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள் ஓர் அங்கத்தினரைப் பற்றியது. அவருடைய பழத்தில் பூச்சிமருந்தின் எச்சம் இருக்கிறதென்று கூறி, கொள்முதல் செய்ய வந்த வியாபாரியின் ஆள் சங்கத்தின் அன்றைய சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது விரல் அகலமுள்ள ஓர் அட்டை. அதில் இரண்டு சிவப்புக் கோடுகள் தோன்றியிருக்க வேண்டுமாம், ஒன்றே தோன்றியது. ஒருவருடைய பழத்தால் முப்பது பேருடைய பழம் சந்தைக்குப் போய் அரை விலைக்கு விற்றது.

அங்கத்தினர்களின் கோபம் நியாயமானதே. அந்த முதியவருக்குச் சேர வேண்டிய தொகையை நிறுத்திவைப்பதென்றும், அந்தப் பருவம் முழுவதும் அவருடைய பழத்தை ஏற்பதில்லையென்றும் தீர்மானமாயிற்று. கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டதா, போதிய எண்ணிக்கை இருந்ததா என்று பார்த்தோம். இரண்டும் சரியாக இருந்தன. தீர்மானப் புத்தகத்தில் நமது கையொப்பத்தையும் இட்டோம். அட்டை சொன்னது சரிதானா என்று மட்டும் கேட்கவில்லை.

முதியவர் வாசலில் நம்மை நிறுத்தி, "ஐயா, அந்த மருந்துப் புட்டியை என் தோட்டத்துக்குள் கொண்டுவந்ததே கிடையாது. போர்டோ கலவை அடித்தேன், அடித்த தேதி நோட்டில் இருக்கிறது" என்றார். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியேறினோம். அவர் அதோடு விட்டுவிடவில்லை. திரும்பி வந்த பெட்டிகளில் இரண்டைக் குளிர்பதன அறையில் வைத்திருந்து, தமது சொந்தச் செலவில் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார். அட்டை குற்றஞ்சாட்டிய மருந்து அப்பழத்தில் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது.

அதன் பிறகே இந்த அட்டைகளும் இவற்றின் உறவு முறையான கருவிகளும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை உட்கார்ந்து படித்தோம். படித்தவற்றை நமது அங்கத்தினர்களுக்குச் சொல்வது கடமையெனக் கருதுகிறோம். ஏனெனில் இன்று ஒரு வியாபாரியிடம் இருக்கும் அட்டை நாளை எல்லா வியாபாரிகளிடமும் இருக்கப்போகிறது.

நெசவாளர் அங்கத்தினர்கள் இது விவசாயிகளின் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கதையின் தொடக்கம் உங்கள் தறியில்தான் இருக்கிறது. சரிகையில் மஞ்சளாக மின்னும் பொன்னை மிகமிகச் சிறு துகள்களாக நீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாகத் தோன்றுவதில்லை. மாதுளைச் சாறு போன்ற சிவப்பாகத் தோன்றுகிறது. லண்டனில் மைக்கேல் பாரடே 1857இல் இத்தகைய செந்நீரைத் தயாரித்து, அதன் நிறத்துக்குக் காரணம் பொன்னின் நுண்ணிய துகள்களே என்று எடுத்துரைத்தார். அவர் செய்துவைத்த குப்பிகள் இன்றும் அங்குள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அந்நிறம் எவ்வாறு பிறக்கிறது என்பதற்கான கணிதத்தை 1908இல் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானியர் வகுத்தார். 1951இல் டர்க்கெவிச் என்பவரும் அவருடைய தோழர்களும், பொன் உப்புக் கரைசலைச் சிட்ரேட் என்னும் உப்போடு கொதிக்கவைத்து ஒரே அளவான துகள்களைப் பெறும் எளிய வழியை விளக்கினர். இன்றும் பல பரிசோதனைச் சாலைகள் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

இத்துகள்களின் அளவை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். நாம் பேசும் பொன் துகளின் குறுக்களவோ 13 நானோமீட்டர் அளவில் இருக்கும். இவ்வளவு சிறிய துகள் ஒளியில் பச்சைப் பகுதியை, அதாவது 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பகுதியை, விழுங்கிவிடுகிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகப் படுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூடிவிட்டால் அவை விழுங்கும் ஒளி மாறிவிடுகிறது. செந்நீர் நாவற்பழச் சாற்றின் நிறத்துக்குப் போய்விடுகிறது. சாயத்தில் நிறம் மாற வேண்டுமானால் சாயப்பொருளே மாற வேண்டும். இங்கே பொருள் அதே பொன்தான். அளவும் இடைவெளியும் மாறினாலே நிறம் மாறுகிறது. பழத்திலுள்ள நஞ்சைக் கண்ணுக்குக் காட்டும் உபாயங்களில் பல இந்த ஒரு குணத்தின் மேல் கட்டப்பட்டவை.

இனி அட்டைக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட மருந்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் தன்மையுள்ள எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைப் பொன் துகள்களின் மேல் ஏற்றி, அட்டையின் ஒரு முனையில் உலரவைத்திருப்பார்கள். நடுவில் முதற்கோடு இருக்கும் இடத்தில் அதே மருந்தைச் சிறிதளவு ஒட்டிவைத்திருப்பார்கள். பழச்சாறு முனையில் விழுந்தவுடன் பொன் துகள்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. சாற்றில் மருந்து இல்லையானால் எதிர்ப்பொருளின் கை வெறுங்கையாக இருக்கும். அது முதற்கோட்டிலுள்ள மருந்தைப் பற்றிக்கொள்ள, பொன் அங்கே தங்கிச் சிவப்புக் கோடு தோன்றும். சாற்றிலேயே மருந்து இருந்தால் கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது; பொன் கோட்டில் நில்லாமல் கடந்துபோகும். கடந்து வந்த பொன்னை இரண்டாவது கோடு எந்த நிலையிலும் பிடிக்கும்; அது அட்டை பழுதில்லை என்பதற்குச் சாட்சி. ஆகவே இந்த அட்டையில் கோடு தோன்றுவது நல்ல செய்தி, மறைவது கெட்ட செய்தி. கர்ப்பம் அறியும் அட்டையிலும் இதே பொன்தான் பெரும்பாலும் உள்ளது. ஆனால் அங்கே கோடு தோன்றுவதற்குப் பொருள் நேர்மாறு. பழகாதவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

அந்த எதிர்ப்பொருள் ஒரு புரதம் என்பதை மறக்கலாகாது. புளிப்பு மிகுந்த இடத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் நேர்வது நாம் அறிந்ததே. திராட்சைச் சாறு நல்ல புளிப்புடையது. ஆகையால் இத்தகைய அட்டைகளோடு புளிப்பை ஈடுசெய்யும் ஒரு திரவத்தையும் சிறு குப்பியில் கொடுத்து, சாற்றை அதில் கலந்த பின்னரே சொட்டுவிட வேண்டுமென்று குறிப்பு எழுதியிருப்பார்கள். நமது சங்கத்தின் களத்தில் நடந்தது என்ன? வந்த ஆள் பழத்தை விரலால் நசுக்கி, சாற்றை நேராக அட்டையில் விட்டார் என்று உடனிருந்த இருவர் பின்னர் நம்மிடம் கூறினர். சாட்சிக் கோடும் அன்று மங்கலாகவே இருந்ததாம். சாட்சியே தடுமாறும்போது தீர்ப்பு எப்படி நிலைக்கும்? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வகை உபாயம் நரம்போடு தொடர்புடையது. பாரத்தியான், மாலத்தியான் முதலிய பாஸ்பரஸ் வகை மருந்துகளும் கார்பமேட் வகை மருந்துகளும் பூச்சியின் நரம்பிலுள்ள ஒரு நொதியை முடக்கியே அதைக் கொல்கின்றன. மனிதனின் நரம்பிலும் அதே நொதி உண்டு. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் பட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்த விசாரணைகளின் பயனாகவே 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. இந்நொதியைக் குப்பியில் வைத்து அதற்கு உரிய தீனியைக் கொடுத்தால், அது தீனியைச் சிதைத்துக் கந்தகமுள்ள ஒரு பொருளை வெளியிடும். அப்பொருள் பொன் துகள்களைக் கூட்டிச் செந்நீரை நாவல் நிறமாக்கும். பழச்சாற்றில் நஞ்சு இருந்தால் நொதி முடங்கும். நிறம் மாறாது சிவப்பாகவே நிற்கும்.

யோசித்துப் பாருங்கள்: வெயிலில் கிடந்து நொதி தானாகவே செத்துப்போயிருந்தாலும் குப்பி சிவப்பாகத்தான் நிற்கும். குற்றமற்ற பழம் குற்றவாளியாகிவிடும். மறுபுறம், சாற்றிலுள்ள உப்பும் புளிப்பும் பொன் துகள்களைத் தாமே கூட்டிவிடக்கூடும்; அப்போது நஞ்சுள்ள பழமும் நாவல் நிறம் காட்டித் தப்பிவிடும். மேலும் பாரத்தியான், மாலத்தியான் போன்றவை உடலுக்குள் சென்று ஆக்ஸிஜன் ஏற்ற பின்னரே முழு வலிமை பெறுகின்றன. குப்பியில் அவற்றுக்கு அந்த மாற்றத்தை முன்கூட்டியே செய்யாவிட்டால் நொதி அவற்றை அரைகுறையாகவே உணரும். திராட்சைக்காரர்கள் மிகுதியாக அடிக்கும் பூசணக்கொல்லிகளில் பலவற்றை இந்த நொதி கண்டுகொள்வதே இல்லை.

மூன்றாவது முறைதான் நமக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அதன் வேர் நம் நாட்டிலே, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனின் ஆராய்ச்சியிலே இருக்கிறது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் அவர் கண்டது இது: ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின் மேல் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, எவ்வளவு மாறுகிறது என்பது அப்பொருளின் மூலக்கூறு அதிரும் விதத்தைப் பொறுத்தது. கைரேகையைப் போல ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரிகள். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நிறம் மாறும் ஒளி சிதறியதில் கோடியில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், பழத்தோலில் படிந்த நஞ்சைக் காண அது போதவில்லை.

1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிளைஷ்மன் முதலிய மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் ஒட்டிய பொருளிலிருந்து எதிர்பாராத அளவு வலுவான ராமன் வரிகள் வருவதைக் கண்டனர். பரப்பு கூடியதால் என்று அவர்கள் எண்ணினர். 1977இல் வேறு இரு குழுவினர் கணக்கிட்டுப் பார்த்து, பரப்பைக் கொண்டு மட்டும் விளக்க முடியாதபடி லட்சம், பத்து லட்சம் மடங்கு பெருக்கம் நிகழ்வதாக எடுத்துரைத்தனர். வெள்ளி, பொன் இவற்றின் நுண் மேடுகளும் துகள்களும் ஒளியைத் தம்மருகே குவித்துவைக்கின்றன. அங்கே அகப்பட்ட மூலக்கூறின் மெல்லிய குரல் உரத்துக் கேட்கிறது.

2010இல் சீனத்தின் சியாமென் பல்கலைக்கழகத்தார் பொன் துகளுக்கு மிக மெல்லிய மணற்சத்து உறை போட்டு, அதை ஆரஞ்சுப் பழத்தின் தோலில் தூவி, அதன் மேலிருந்த மீதைல் பாரத்தியானின் வரிகளைப் பழத்தை அறுக்காமலே காட்டினர். 2022இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தார் கண்ணாடியின் மேல் வெள்ளித் துகள்களைச் சுடர் வழியே தெளித்து மலிவான தகடுகள் செய்தனர். ஆப்பிளில் இட்ட பாரத்தியானைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, அத்தகட்டில் வைத்து, ஐந்து நிமிடத்தில் கண்டறிந்தனர். தைரம் என்னும் பூசணக்கொல்லி போன்று கந்தகமுள்ள மருந்துகள் வெள்ளியையும் பொன்னையும் இறுகப் பற்றுவதால் இம்முறைக்கு எளிதில் அகப்படுகின்றன. பற்றாத மருந்துகள் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை.

இம்முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். துகளுக்குச் சில நானோமீட்டர் தூரத்திற்குள் வந்த பொருளையே அது காணும். பஞ்சால் ஒற்றுவது தோலின் மேலுள்ளதைத்தான் எடுக்கும். இமிடாகுளோபிரிட் போல வேரின் வழியும் இலையின் வழியும் செடிக்குள் பரவும் மருந்து சதையில் இருந்தால் பஞ்சுக்கு என்ன தெரியும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல உதாரணம். ஆப்பிளின் மேல் தையபெண்டசோல், பாஸ்மெட் என்னும் இரு மருந்துகளை இட்டு, ஒரு நாள் கழித்து, லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்த நீரில் 12 முதல் 15 நிமிடம் கழுவியபோது மேலே இருந்தவை நீங்கிவிட்டன. ஆனால் தையபெண்டசோலில் நூற்றுக்கு 20 பங்கும் பாஸ்மெட்டில் 4.4 பங்கும் அதற்குள் தோலில் ஊடுருவியிருந்தன. அந்த ஊடுருவலின் ஆழத்தை அவர்கள் இந்தப் பொன் துகள்களைக் கொண்டே அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது கணக்கு. தனியே எல்லை குறிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பு வைத்துள்ள பொது எல்லை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் ஏற்றிய லாரியில் மொத்தம் 0.1 கிராம், அதாவது ஒரு குன்றிமணிக்கும் குறைந்த எடை. பஞ்சால் ஒற்றும் கருவியோ சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும். சட்டம் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்கும். 7 சென்டிமீட்டர் குறுக்களவும் 150 கிராம் எடையும் உள்ள ஆப்பிளின் பரப்பு சுமார் 154 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராமின் கோடியில் ஒன்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 நானோகிராம் படிந்திருந்தால் ஏறக்குறைய அந்த எல்லையில் நிற்கும். 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள திராட்சையில் அதே கனத்தில் படிந்தால் எல்லையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். சிறிய பழத்தில் எடைக்கு மிஞ்சிய தோல். ஆப்பிளுக்குச் சரியென்று விற்கப்படும் கருவியைத் திராட்சைச் சங்கம் வாங்கும்போது இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எந்தப் பழத்தை எடுத்துப் பார்ப்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. நூல் பேலில் ஒரு சிட்டத்தைப் பார்த்து முழுப் பேலின் நம்பரையும் முடிவு செய்ய எந்த நெசவாளரும் ஒப்பமாட்டார். சர்வதேச உணவு விதிகளின்படி ஆப்பிள், ஆரஞ்சு போன்றவற்றில் பத்துக்குக் குறையாத பழங்களாக ஒரு கிலோவும், திராட்சையில் ஐந்துக்குக் குறையாத குலைகளாக இரண்டு கிலோவும் பரிசோதனைக்கு வேண்டும். பரிசோதனைச் சாலையில் அதை முழுதும் அரைத்து, அசிட்டோநைட்ரைல் என்னும் திரவத்தால் மருந்தைப் பிரித்தெடுத்து, பெரிய கருவிகளில் நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே தடவையில் தேடுகிறார்கள். அட்டை அதற்குக் கேட்கப்பட்ட ஒரு மருந்தைப் பற்றி மட்டுமே பேசும்.

கேட்காத கேள்வியால் வந்த நஷ்டம் நம் நாட்டுத் திராட்சைக்குப் புதிதன்று. 2003இல் ஐரோப்பாவில் மருந்து எச்சத்துக்காக நமது திராட்சை மறுக்கப்பட்ட பின், ஏற்றுமதித் திராட்சையைக் கண்காணிக்கும் திட்டம் தொடங்கி, புனேயிலுள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையம் அதற்குத் தலைமைப் பரிசோதனைச் சாலையாயிற்று. பட்டியலிலிருந்த மருந்துகளெல்லாம் ஒழுங்காகப் பார்க்கப்பட்டன. 2010இல் சரக்கு மீண்டும் நின்றது. இம்முறை அகப்பட்டது குளோர்மெக்வாட் குளோரைடு. கொடியின் வளர்ச்சியைக் குறுக்குவதற்காக அடிப்பது, பூச்சிமருந்தே அன்று. அது பட்டியலில் இல்லை. விவசாயிகள் ஒளிக்கவில்லை, எவரும் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் அட்டையும் கருவியும் வேண்டாமென்று நாம் கூறுவதாக எண்ணிவிடக் கூடாது. பரிசோதனைச் சாலையின் பதில் வருவதற்குள் பழம் வாடிவிடும். களத்திலேயே ஐந்து நிமிடத்தில் ஒரு குறிப்புக் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் அது சரக்கை நிறுத்திவைக்கப் போதுமான காரணமாகலாமே ஒழிய, ஒருவருடைய பணத்தைப் பிடிக்கப் போதுமான காரணம் ஆகாது. கொள்முதல் ஒப்பந்தத்தில் இதை எழுதிக்கொள்ள வேண்டும். பழம் கொடுத்தவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஒன்றைச் சங்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டைகளைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, காலாவதித் தேதியைப் பார்த்தே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தே படாத பழம் ஒன்றையும் அதே அட்டை வகையில், அதே வேளையில், அதே கையால் சோதித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அன்று களத்தில் அப்படிச் செய்திருந்தால் நல்ல பழமும் 'நஞ்சு' என்றே காட்டியிருக்கும்; வியாபாரியின் ஆளே தமது தவற்றை உணர்ந்திருப்பார்.

பரிசோதனைச் சாலையின் அறிக்கை வந்ததும் குழு மீண்டும் கூடித் தீர்மானத்தை ரத்து செய்தது. நிறுத்திய தொகையும் பரிசோதனைக் கட்டணமும் முதியவருக்கு வழங்கப்பட்டன. அன்று அரை விலைக்குப் போன முப்பது பேருடைய பழத்திற்கு யாரும் எதுவும் தரவில்லை. வியாபாரியோடு அதைப் பற்றிய கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது. பணத்தைப் பெற்றுக்கொண்ட பெரியவர் வேறொன்றும் கேட்டார். தம்மைக் குற்றவாளியாக்கிய தீர்மானம் மகாசபையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்பட்டது போல, ரத்துத் தீர்மானமும் வாசிக்கப்பட வேண்டும், அதுவும் கையொப்பமிட்ட இன்ஸ்பெக்டரே வாசிக்க வேண்டும் என்றார். சென்ற மகாசபையில் நாமே எழுந்து வாசித்தோம். அவர் தமது தோட்டத்தின் வடமேற்கு மூலையில் நான்கு கொடிகளை எம்மருந்தும் அடிக்காமல் விட்டிருக்கிறார்; சங்கத்தின் ஒப்பீட்டுப் பழம் இப்போது அங்கிருந்துதான் வருகிறது.